மூத்தோரின் மருந்துப் பை: அதை முழுமையாகப் பார்ப்பவர் யார்?

நமது வீடுகளில் மூத்தவர்கள் படுக்கும் அறையின் மேசையை ஒருமுறை பாருங்கள். தஸ்பீஹ் மணியும் மூக்குக் கண்ணாடியும் இருக்கும். அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு பொலித்தீன் பையும் இருக்கும். அந்தப் பைக்குள் அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் கொடுத்த சின்னஞ்சிறு காகித உறைகள், பாமசியில் வாங்கிய குளிசை அட்டைகள், போன வருடம் சளி பிடித்தபோது குடித்து மிஞ்சிய பாணிப் போத்தல், வெளிநாட்டிலிருந்து மகன் கொண்டு வந்த சத்துக் குளிசை, "எனக்கு இதிலதான் சுகமானது" என்று பக்கத்து வீட்டு மாமி தந்துவிட்டுப் போன மூட்டுவலி மருந்து என்று எல்லாம் கலந்து கிடக்கும்.

பிரஷருக்கு இரண்டு, சீனிக்கு இரண்டு, கொலஸ்ட்ரோலுக்கு ஒன்று, இரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, வயிற்றெரிவுக்கு ஒன்று, நித்திரைக்கு ஒன்று. எண்ணிப் பார்த்தால் எட்டு. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளைத் தொடர்ச்சியாகப் பாவிப்பதைப் பன்மருந்துப் பாவனை என்று மருத்துவ உலகம் குறிப்பிடுகிறது. இது எப்போதும் தவறானது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. சீனி வருத்தமும் இருதய நோயும் சேர்ந்து இருக்கும் ஒருவருக்கு ஐந்தாறு மருந்துகள் உண்மையிலேயே தேவைப்படலாம். அந்த மருந்துகளால்தான் பலர் இன்று எழுபது, எண்பது வயதிலும் நடமாடுகின்றார்கள்.

ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்டுக் கொள்வதில்லை. இந்தப் பையை முழுமையாகப் பார்த்தவர் யார்? சீனி கிளினிக்கில் உள்ள வைத்தியர் சீனி மருந்தைப் பார்க்கிறார். இருதய கிளினிக்கில் இருப்பவர் இருதய மருந்தைப் பார்க்கிறார். பின்னேரம் சனல் பண்ணிக் காட்டிய டொக்டர் தான் எழுதியதைப் பார்க்கிறார். பாமசிக்காரர் தன் கையில் நீட்டப்பட்ட துண்டை மட்டும் பார்க்கிறார். எல்லா மருந்துகளும் ஒன்று சேரும் இடம் ஒன்றே ஒன்றுதான். அது நமது வீடு. எனவே முதல் பொறுப்பும் வீட்டாரிடமே வந்து சேருகிறது.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் அறுபது வயதும் அதற்கு மேற்பட்டோரும் மொத்த சனத்தொகையில் 12 வீதத்துக்குச் சற்று அதிகமாக இருந்தனர். அதன் பின்னர் அந்தப் பங்கு கூடிக்கொண்டே வந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் 2017 மார்ச் மாதத்தில் 'தீங்கில்லா மருந்துப் பாவனை' என்ற உலகளாவிய முயற்சியைத் தொடங்கியபோது மூன்று விடயங்களை முதன்மைப்படுத்தியது. ஆபத்து அதிகமான மருந்துகளும் சந்தர்ப்பங்களும் ஒன்று. பன்மருந்துப் பாவனை மற்றொன்று. நோயாளி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறும் வேளை, அதாவது வார்டிலிருந்து வீட்டுக்கு வரும் வேளை, மூன்றாவது. இம்மூன்றும் நமது மூத்தவர்களின் வாழ்வில் ஒன்றாகவே சந்திக்கின்றன.

முதுமையில் மருந்து வேறு விதமாக வேலை செய்கிறது

நாற்பது வயதுக்காரர் குடிக்கும் அதே குளிசையை எண்பது வயதுக்காரர் குடித்தால், உடலில் நடப்பது ஒன்றல்ல. நாம் உட்கொள்ளும் மருந்துகளில் பெரும்பாலானவற்றை ஈரல் மாற்றியமைக்கிறது, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நாற்பது வயதுக்குப் பின்னர் ஆண்டுக்காண்டு சிறிது சிறிதாகக் குறைந்து வருகிறது. வெளியேற வேண்டிய மருந்து வெளியேறத் தாமதிக்கிறது. நேற்றைய குளிசையின் மிச்சம் உடலில் இருக்கும்போதே இன்றைய குளிசையும் போய்ச் சேருகிறது.

இரத்தப் பரிசோதனையில் 'கிரியட்டினின்' சரியாக இருக்கிறது என்று நாம் ஆறுதலடைகிறோம். கிரியட்டினின் தசையிலிருந்து உண்டாவது. மெலிந்து தசை குறைந்த மூதாட்டிக்கு அந்த எண் சாதாரணமாகவே தெரியலாம். ஆனால் உள்ளே சிறுநீரகம் பாதித் திறனில் இயங்கிக் கொண்டிருக்கலாம். ஆகவே வயதையும் சேர்த்துக் கணிக்கும் 'ஈ.ஜீ.எஃப்.ஆர்' என்ற எண்ணை டொக்டரிடம் கேட்டு அறிந்து கொள்ள வேண்டும். சீனிக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் மெட்ஃபோர்மின் குளிசையின் அளவை இந்த எண் 45 க்குக் கீழே போனால் குறைப்பதும், 30 க்குக் கீழே போனால் நிறுத்துவதும் வழமை. அதை வைத்தியரே தீர்மானிப்பார். கேட்க வேண்டியது நாம்.

வயது போகப்போக உடலில் நீரும் தசையும் குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது. டயசிபாம் போன்ற நித்திரைக் குளிசைகள் கொழுப்பில் தங்குபவை. இளைஞரை விட முதியவரின் உடலில் அவை நெடுநேரம், சில வேளை நாட்கணக்கில் தங்கி நிற்கும். இரவில் குடித்த குளிசை மறுநாள் லுஹர் வரை தடுமாற வைப்பது இதனால்தான்.

அமெரிக்காவின் முதியோர் மருத்துவர் மார்க் பியர்ஸ் என்பவர் 1991 இல், வயோதிபர்களுக்குக் கொடுப்பதைக் கூடியவரை தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலொன்றை முதன்முதலில் வெளியிட்டார். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதனை இன்றும் புதுப்பித்து வருகிறது. 2023 இலும் அது திருத்தப்பட்டது. டயசிபாம் வகை நித்திரைக் குளிசைகளும், நீண்ட நேரம் சீனியைக் குறைத்துக் கொண்டே இருக்கும் கிளிபென்கிளமைட்டும், தடுமனுக்கு நாம் சர்வசாதாரணமாக வாங்கும் பிரிட்டன் குளிசையும் அந்தப் பட்டியலில் உள்ளன. பிரிட்டன் வெறும் தூக்கத்தை மட்டும் தருவதில்லை. முதியவருக்கு மறதியும் குழப்பமும் மலச்சிக்கலும் வரலாம். ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக் கொள்ளவும் கூடும்.

ஒரே மருந்து, இரண்டு பெயர்

நமது நாட்டில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான். கிளினிக்கில் கொடுத்த காகித உறையில் 'அட்டோர்வஸ்டாட்டின்' என்று எழுதியிருக்கும். சனல் பண்ணிய டொக்டரின் துண்டுக்குப் பாமசியில் கிடைத்த அட்டையில் வேறொரு கம்பனிப் பெயர் இருக்கும். இரண்டும் ஒரே மருந்து. நோயாளியோ இரண்டையும் குடிக்கிறார். "இது ஆஸ்பத்திரி மருந்து, அது டொக்டர் மருந்து" என்பதே அவரது கணக்கு.

ஒவ்வொரு மருந்துக்கும் இரு பெயர்கள் உண்டு என்பதை வீட்டில் ஒருவராவது விளங்கியிருக்க வேண்டும். ஒன்று மருந்தின் சொந்தப் பெயர். மற்றது கம்பனி வைத்த வியாபாரப் பெயர். டயமைக்ரோன் என்பது கிளிக்லசைட். குளுக்கோஃபாஜ் என்பது மெட்ஃபோர்மின். லாசிக்ஸ் என்பது ஃபுரோசமைட். வோல்டரன் என்பது டைக்ளோஃபெனக். பனடோல் என்பது பரசிட்டமோல். ஆஸ்பத்திரியில் பரசிட்டமோல் கொடுத்திருக்க, வீட்டில் பனடோலும் குடித்தால் ஒரே மருந்தை இரட்டிப்பாகக் குடித்ததாகும். நல்ல உடல்நிலை உள்ள வளர்ந்தவருக்கே 500 மில்லி கிராம் குளிசை ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. மெலிந்த வயோதிபருக்கும் ஈரல் நோயாளிக்கும் அதை விடவும் குறைவாகவே கொடுக்க வேண்டும்.

மருந்தைச் சொந்தப் பெயரால் அழைக்க வேண்டும் என்ற கருத்துக்கு உலகளவில் முன்னோடியாக நின்றவர்களுள் ஒருவர் நமது நாட்டின் பேராசிரியர் சேனக பிபிலே ஆவார். அவரது முயற்சியின் பயனாக 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை அமைந்தது. அவர் பணத்தை மிச்சப்படுத்தவே பாடுபட்டார் என்று பலர் எண்ணுகின்றனர். சொந்தப் பெயரை அறிந்த நோயாளிக்கு உயிர்ப் பாதுகாப்பும் கிடைக்கிறது என்பதை நாம் மறந்து விடுகிறோம்.

2022 இல் பொருளாதார நெருக்கடியின்போது மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கிடைத்த கம்பனியின் குளிசையை வாங்க வேண்டியிருந்தது. சிவப்புக் குளிசை வெள்ளையானது, வட்டக் குளிசை நீளமானது. நிறத்தையும் வடிவத்தையும் வைத்து மருந்தை அடையாளம் காணும் மூத்தவர்கள் திகைத்துப் போனார்கள். இன்றும் ஒவ்வொரு முறையும் கிளினிக்கில் அதே நிறத்தில் மருந்து வரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆதலால் நிறத்தை நம்பாமல் பெயரை நம்பப் பழக வேண்டும்.

மருந்துக்கு மருந்து

நான் அறிந்த ஒரு குடும்பத்தில் எழுபத்தாறு வயதான மூத்தம்மா ஒருவர் இருந்தார். பிரஷருக்கு அவருக்கு அம்லோடிபின் கொடுக்கப்பட்டது. சில வாரங்களில் இரு கால்களும் வீங்கின. வேறொரு டொக்டரிடம் காட்டினார்கள். பிரஷர் குளிசையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வீக்கம் குறையச் சிறுநீரைக் கூட்டும் குளிசை எழுதப்பட்டது. இரவில் நாலைந்து தடவை எழும்பத் தொடங்கினார். நீர் குறைந்து தலைச்சுற்று வந்தது. தலைச்சுற்றுக்கு ஸ்டெமட்டில் குளிசை வந்து சேர்ந்தது. இரண்டு மூன்று மாதம் அதைத் தொடர்ந்து குடித்ததில் கை நடுங்கியது, நடை சுருங்கியது, முகத்தில் உணர்ச்சி இல்லாமல் போனது. வாதம் என்றார்கள் சிலர். 'பார்க்க' வேண்டும் என்றார்கள் சிலர். தண்ணீர் ஓதிக் கொடுக்கப்பட்டது.

இறுதியில் ஒரு வயதான டொக்டர், "வீட்டில இருக்கிற மருந்து எல்லாத்தையும், ஒன்றும் விடாம, ஒரு பையில போட்டுக் கொண்டு வாங்க மகன்" என்று பேரனிடம் சொல்லி அனுப்பினார். பையை மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாக எப்போது தொடங்கியது என்று கேட்டார். முதல் குளிசையை மாற்றி, பின்னால் வந்த இரண்டையும் படிப்படியாக நிறுத்தினார். சில மாதங்களில் அந்த மூத்தம்மா தானாக எழும்பி வுளூ எடுக்கும் நிலைக்கு வந்தார்.

இங்கு எந்த டொக்டரும் தனியாகப் பிழை செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். அம்லோடிபினால் கால் வீங்குவது நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. ஸ்டெமட்டில் நீண்ட காலம் பாவித்தால் நடுக்கவாதம் போன்ற நிலை வருவதும் அறியப்பட்டதே. ஒரு மருந்தின் பக்கவிளைவு புதிய நோயாகப் பார்க்கப்பட்டு, அதற்கு இன்னொரு மருந்து கொடுக்கப்படுவதை 1990களிலேயே மருத்துவ ஆய்வாளர்கள் ஒரு சங்கிலியாக விளக்கியுள்ளனர். ஆகவே மூத்தவருக்குப் புதிதாக ஏதேனும் கோளாறு தோன்றினால், டொக்டரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: "இது இவர் குடிக்கும் மருந்துகளில் ஒன்றால் வந்திருக்குமா?"

"வயது போய்விட்டது" என்று விட்டுவிடாதீர்கள்

வாப்பா தடுமாறுகிறார், வயது போய்விட்டது. உம்மா பேச்சு மாறிப் பேசுகிறார், வயது போய்விட்டது. இந்த ஒரு வாக்கியத்தின் பின்னால் எத்தனையோ ஆபத்துகள் மறைந்து விடுகின்றன.

அமெரிக்காவில் 2007 முதல் 2009 வரையான காலத்தைக் கொண்டு செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2011 இல் வெளியானது. மருந்தின் தீங்கினால் அவசரமாக ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்ட முதியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் காரணமாக இருந்தவை நான்கே வகை மருந்துகள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோர்ஃபரின், இன்சுலின், அஸ்பிரின், குளோபிடோகிரல் போன்ற குளிசைகள், சீனியைக் குறைக்கும் குளிசைகள் ஆகியனவே அவை. இந்த நான்கும் நமது வீடுகளிலும் சாதாரணமாக இருப்பவை.

இரத்தத்தில் சீனி 70 மில்லி கிராமுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. இளம் வயதினருக்கு வியர்வை, நடுக்கம், கடும் பசி என்று உடல் எச்சரிக்கும். முதியவருக்கு இந்த எச்சரிக்கைகள் மங்கிவிடும். பேச்சுக் குழறுவது, ஆளை மாறிச் சொல்வது, காரணமின்றிக் கோபப்படுவது, சுபஹுக்கு எழுப்பியும் எழும்பாமல் கிடப்பது இவையே அறிகுறிகளாக இருக்கலாம். உடனே சீனியைச் சோதியுங்கள். சோதிக்க வசதி இல்லாவிட்டால் தாமதிக்காமல், அவர் விழுங்கக் கூடிய நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணித்தியாலம் பொறுத்து மீண்டும் சோதியுங்கள். தேறினால் சாப்பாடு கொடுங்கள். சுயநினைவு இல்லாதவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும்.

வோர்ஃபரின், அஸ்பிரின் குடிப்பவரின் மலம் கறுப்பாகத் தார் போல் போனாலோ, பல் ஈறில் இரத்தம் நிற்காமல் கசிந்தாலோ, விழுந்து தலையில் அடிபட்டாலோ, வெளியே காயம் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். விடியட்டும் என்று பார்த்திருக்கக் கூடாது.

விழுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரஷர் குளிசைகளும், சலத்துக்குக் கொடுக்கும் சில குளிசைகளும், படுத்திருந்து எழும்பும்போது பிரஷரைச் சட்டென்று இறக்கிவிடும். தஹஜ்ஜுத்துக்கோ சிறுநீர் கழிக்கவோ இருட்டில் எழும்பும் வேளையிலும், ஸுஜூதிலிருந்து நிலைக்கு வரும் வேளையிலும் தலை சுற்றுவது இதனால்தான். அடுத்த முறை டொக்டரிடம், படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற பின்னரும் பிரஷரை அளக்கும்படி கேளுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருந்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும். அதுவரை கட்டிலின் ஓரத்தில் சற்று இருந்துவிட்டு எழும்பட்டும். நாற்காலியில் அமர்ந்து தொழுவதற்கு மார்க்கத்தில் இடமுண்டு. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த மூத்தவர்களில் பலர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை.

துண்டில் இல்லாத மருந்துகள்

"வேறு என்ன மருந்து குடிக்கிறீர்கள்?" என்று டொக்டர் கேட்டால், "ஒன்றுமில்லை" என்போம். மூட்டுவலிக் குளிசையை நாம் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. பாமசியில் பெயர் சொல்லி வாங்கும் டைக்ளோஃபெனக், இபுபுரோஃபென் ஆகிய குளிசைகள் பிரஷரைக் கூட்டும், வயிற்றில் புண்ணாக்கி இரத்தம் கசிய வைக்கும். அதிலும் லொசார்ட்டான் அல்லது எனலாப்ரில் என்ற பிரஷர் குளிசையும், சிறுநீரைக் கூட்டும் குளிசையும் ஏற்கனவே குடிப்பவர் இதையும் சேர்த்துக் குடித்தால், மூன்றும் கூடிச் சிறுநீரகத்தைத் திடீரெனப் பழுதாக்கிவிடக் கூடும். வாந்தி, வயிற்றோட்டம் ஏற்பட்டு நீர் குறைந்த நாட்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அப்படிப்பட்ட நாட்களில் எந்தக் குளிசையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும் என்பதை முன்கூட்டியே டொக்டரிடம் கேட்டு எழுதி வைப்பது நல்லது.

அடுத்தது நாட்டு மருந்து. பாகற்காயும் கோதல ஹிம்புட்டுவும் சீனியைக் குறைக்கும் தன்மை உள்ளவை. அதனாலேயே, சீனிக் குளிசையுடன் அவற்றின் சாற்றையும் கஷாயத்தையும் கூட்டினால் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். கொலஸ்ட்ரோலுக்கு நல்லது என்று காமரங்காய்ச் சாறும் பிலிங்காய்ச் சாறும் வெறும் வயிற்றில் கோப்பைக் கணக்கில் குடிப்பவர்கள் உள்ளனர். இவ்விரண்டிலும் ஒக்சலேட் என்னும் அமிலச் சத்து மிகுந்துள்ளது. இச்சாறுகளைக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உண்டு. பெயர் எழுதாத மூட்டுவலித் தூள்களில் ஸ்டீரொயிட் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்ட சந்தர்ப்பங்களும் உண்டு. யூனானி, ஆயுர்வேத வைத்தியரிடம் போவதில் தவறில்லை. பதிவு பெற்றவரிடம் போங்கள். அங்கே குளிசைகளையும், இங்கே கஷாயத்தையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

மூன்றாவது, அன்பினால் கொடுக்கும் மருந்து. "இந்தக் குளிசை எனக்கு நல்லம், நீங்களும் குடித்துப் பாருங்கள்" என்று கொடுப்பது நமது ஊர்களில் பெரிய உபகாரமாகக் கருதப்படுகிறது. மருத்துவ அறிவு இல்லாதவர் மருத்துவம் செய்து தீங்கு விளைந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு ஹதீஸ் பதிவாகியுள்ளது. பிக்ஹ் சட்ட அறிஞர்களும் நட்டஈடு பற்றிய பாடத்தில் இதனை ஆதாரமாகக் கொண்டுள்ளனர். ஒரு குளிசை அட்டையை மதிலுக்கு மேலால் நீட்டும் முன்னர் இதை நாம் நினைத்துக் கொள்ள வேண்டும்.

ரமழானும் மருந்தும்

ரமழான் பிறந்ததும் பல வீடுகளில் மருந்து நேரம் தானாகவே மாற்றப்படுகிறது. காலைக் குளிசை ஸஹருக்கும் இரவுக் குளிசை நோன்பு திறக்கும்போதும் என்று வீட்டாரே பிரித்து விடுகிறார்கள். சில மருந்துகளுக்கு இது பொருந்தும். சிலவற்றுக்குப் பேராபத்து. கிளிக்லசைட் போன்ற குளிசையையும் இன்சுலினையும் வழமையான காலை அளவிலேயே ஸஹரில் எடுத்துவிட்டுப் பகல் முழுவதும் பட்டினி இருந்தால் அஸர் வேளையில் சீனி இறங்கிவிடும். ஸஹரில் சிறுநீரைக் கூட்டும் குளிசையைக் குடித்தால் பகலில் நீர் வற்றி மயக்கம் வரும்.

ஆகவே ரமழானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்னரே டொக்டரைச் சந்திக்க வேண்டும் என்று சர்வதேச நீரிழிவுச் சம்மேளனத்தின் ரமழான் வழிகாட்டி கூறுகிறது. நோன்பிருக்கையில் சீனி 70 க்குக் கீழே இறங்கினாலும் 300 க்கு மேலே ஏறினாலும் நோன்பை முறித்துவிட வேண்டும் என்பதும் அதன் அறிவுரை. விரலில் குத்திச் சோதித்தால் நோன்பு முறியும் என்ற அச்சத்தால் பலர் சோதிப்பதில்லை. 1997 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதும், தோலுக்கடியில் அல்லது தசையில் போடும் ஊசியும், நெஞ்சுவலிக்கு நாவின் கீழ் வைக்கும் குளிசையின் கரைசலை விழுங்காதவிடத்து அதுவும் நோன்பை முறிக்காது என்று தீர்மானித்துள்ளது.

நோயாளிக்கும் இயலாத முதியவருக்கும் அல்லாஹ் வழங்கியுள்ள சலுகை ஸூரா அல்பகராவின் 184, 185 ஆம் வசனங்களில் தெளிவாக இருக்கிறது. குணமாகும் நம்பிக்கை இல்லாதவர் ஃபித்யா கொடுத்தால் போதுமானது. "அறுபது வருடம் விடாமல் பிடித்த நோன்பு" என்று மூத்தவர்கள் கண்கலங்குவார்கள். சலுகையை ஏற்றுக்கொள்வதும் இபாதத்தே என்பதை அவர்களுக்கு இதமாக எடுத்துச் சொல்வது ஆலிம்களினதும் பிள்ளைகளினதும் கடமையாகும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். மகளோ மருமகளோ பேரனோ, யாராவது ஒருவர். எல்லோரும் பார்ப்பது யாரும் பார்க்காததற்குச் சமம்.

2. பையை முழுமையாகக் கொட்டிப் பட்டியல் ஒன்று எழுதுங்கள். மருந்தின் சொந்தப் பெயர், எத்தனை மில்லி கிராம், எந்த நேரம், எதற்காக, யார் எழுதியது, எப்போது தொடங்கியது. ஒவ்வாத மருந்து இருந்தால் அதைச் சிவப்பு மையில் மேலே எழுதுங்கள். சத்துக் குளிசை, கஷாயம், தைலம் எல்லாம் அதில் வர வேண்டும். ஒரு பிரதியைக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். இன்னொன்றைக் கைத்தொலைபேசியில் படமாக வையுங்கள்.

3. துண்டில் உள்ள குறியீடுகளைத் தெரிந்து கொள்ளுங்கள். 'மானே' என்றால் காலை. 'நொக்டே' என்றால் இரவு. 'பீ.டீ.' என்றால் நாளுக்கு இரு முறை. 'டீ.டீ.எஸ்.' என்றால் மூன்று முறை. 'எஸ்.ஓ.எஸ்.' என்றால் தேவைப்பட்டால் மட்டும். வாரத்துக்கு ஒரு முறை என்று எழுதியிருந்தால் மிகுந்த அவதானம் தேவை. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்படும் மெதொட்ரெக்சேட் குளிசை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே. தவறுதலாகத் தினமும் குடித்தால் உயிரே போகக் கூடும்.

4. நேரத்துக்குத் தொழுகையைத் துணையாகக் கொள்ளுங்கள். நமது நாட்டில் தொழுகை நேரங்கள் வருடம் முழுவதும் ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே மாறுகின்றன. எனவே சுபஹுக்குப் பின், இஷாவுக்குப் பின் என்று சொன்னால் மூத்தவர்கள் மறப்பதில்லை. தைரொயிட் குளிசையைச் சுபஹ் தொழுததும் வெறும் வயிற்றில் கொடுக்கலாம். கல்சியம், இரும்புச் சத்துக் குளிசைகளுக்கும் அதற்கும் இடையில் நான்கு மணித்தியாலம் விட வேண்டும்.

5. வாசிக்க இயலாதவருக்கு உறையின் மேல் சூரியனையும் பிறையையும் வரைந்து விடுங்கள். ஏழு நாட்களுக்கும் அறைகள் பிரித்த பெட்டி பாமசிகளில் கிடைக்கும். வாரத்துக்கு ஒரு முறை நிரப்பி வைத்தால், குடித்தாரா இல்லையா என்பது பார்த்தவுடன் தெரியும். சந்தேகத்தில் இன்னொன்றைக் கொடுக்கும் தவறும் நடக்காது.

6. வார்டிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு வந்த அன்றே பழைய பட்டியலையும் புதிய மருந்துகளையும் ஒப்பிடுங்கள். நிறுத்தப்பட்டவற்றைப் பையிலிருந்து அகற்றுங்கள். "ஒருவேளை தேவைப்படும்" என்று வைத்திருக்க வேண்டாம்.

7. எந்தக் குளிசையையும் நீங்களாகத் திடீரென நிறுத்த வேண்டாம். இருதயத்துக்குக் கொடுக்கும் அட்டெனலோல் போன்றவை, ஸ்டீரொயிட் குளிசை, வலிப்பு மருந்து, இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவரின் குளோபிடோகிரல் ஆகியவற்றைச் சட்டென்று நிறுத்துவது உயிராபத்தாகும். நெடுங்காலம் குடித்த நித்திரைக் குளிசையையும் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

8. வருடத்துக்கு ஒரு முறையாவது முழுப் பையையும் ஒரே டொக்டரிடம் கொண்டு போய் மூன்று கேள்விகள் கேளுங்கள். இவற்றில் இன்னமும் தேவையானவை எவை? அளவைக் குறைக்கக் கூடியவை எவை? ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை எவை? வயிற்றெரிவுக்கு ஒரு மாதத்துக்கு என்று தொடங்கிய ஒமெப்ரசோல் பத்து வருடமாக ஓடிக் கொண்டிருப்பதை அப்போதுதான் கண்டுபிடிப்பீர்கள்.

கிளினிக்கில் நீண்ட வரிசை, டொக்டருக்கு நேரமில்லை என்பது உண்மைதான். ஆனால் தெளிவாக எழுதிய ஒரு பட்டியலை நீட்டினால் அவர் அரை நிமிடத்தில் பார்த்து விடுவார். அதைப் பார்த்துக் கோபப்பட்ட டொக்டரை நான் கண்டதில்லை. பாமசியில் உள்ள பதிவு பெற்ற மருந்தாளரும் இதில் நமக்கு உதவக் கூடியவர். கடையில் நிற்கும் பையனிடம் கேட்காமல் அவரிடம் கேளுங்கள்.

மருந்தைக் கூட்டிக் கொண்டே போவதுதான் வைத்தியம் என்று நமது முன்னோர்களும் கருதவில்லை. உணவால் தீரும் நோய்க்கு மருந்தை நாடாமல் இருப்பதையும், ஒற்றை மருந்து போதுமான இடத்தில் கூட்டு மருந்தைத் தவிர்ப்பதையும் மருத்துவர்களின் ஏகோபித்த வழிமுறையாக இமாம் இப்னுல் கையிம் தமது 'ஸாதுல் மஆத்' நூலில் குறிப்பிடுகிறார். அவர் ஹிஜ்ரி 751 இல் வபாத்தானவர். தேவைக்கு மேல் வேண்டாம், தேவையானதைத் தவறவிடவும் வேண்டாம் என்பதே இன்றைய முதியோர் மருத்துவமும் சொல்வது.

பெற்றோருக்கு உபகாரம் செய்வது பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். மருந்துக்குக் காசு அனுப்புவதோடு அந்தக் கடமை முடிந்ததாகப் பல பிள்ளைகள் எண்ணுகிறார்கள். இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின்னர் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். உம்மாவின் பக்கத்தில் அமர்ந்து, அந்தப் பையை வாங்கி, ஒவ்வொரு உறையாகப் பிரித்துப் பெயரை வாசித்து எழுதுங்கள். எதற்குக் குடிக்கிறார், குடித்தால் என்ன செய்கிறது என்று அவரிடமே கேளுங்கள். யாரிடமும் சொல்லாத பல விடயங்களை அவர் அன்று உங்களிடம் சொல்லக் கூடும்.

நமது மூத்தவர்களுக்கு ஆபியத்தையும், அவர்களைக் கவனிக்கும் கைகளுக்குப் பொறுமையையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக.